203 கவர், 49 ஓட்டு: ராதாபுரம் அப்பாவு பற்றி நேரில் பார்த்தவங்க எழுதுங்க

பணகுடிக்காரன்:

2021-ல தமிழ்நாடு சட்டமன்றச் சபாநாயகரான அப்பாவுன்னு சொன்னாலே டிவியில ஆளுநர் உரை, வெளிநடப்பு, யாருக்கு எந்த இருக்கை, இதுதான் ஓடுது. அவர் அந்த நாற்காலிக்கு வந்த வழியை ராதாபுரத்துக்காரன் சொன்னாத்தான் உண்டு. கட்சிக்காரங்க மேடையில பேசுறது வேண்டாம். நேர்ல பார்த்தது, கேட்டது, பட்டது எழுதுங்க.

தெரியாதவங்களுக்குக் கணக்கை நானே போட்டுடுறேன். லெப்பைக்குடியிருப்பு ஊர்க்காரர், வாத்தியாரா இருந்தவர். 1996-ல மூப்பனார் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) ஆரம்பிச்ச கையோட வந்த தேர்தல்ல சைக்கிள் சின்னத்துல ஜெயிச்சார். 2001-ல தமாகா அதிமுக கூட்டணிக்குப் போயிருச்சு, இவர் சுயேச்சையா நின்னார், அப்பவும் ஜெயிச்சார். 2006-ல திமுகவோட உதயசூரியன், மறுபடி வெற்றி. ஒரே தொகுதி, அடுத்தடுத்து மூணு தேர்தல், மூணு வேற சின்னம். நம்ம பக்கத்துல ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுறாங்கன்னு சும்மா சொல்வாங்க, இது அதுக்கு எழுத்துல இருக்குற சாட்சி. 2011-ல திமுக கூட்டணியில தொகுதியைக் காங்கிரசுக்கு விட்டுட்டாங்க, ஜெயிச்சது தேமுதிகவோட மைக்கேல் ராயப்பன். 2016-ல அப்பாவு 69,541, அதிமுக இன்பதுரை 69,590. வித்தியாசம் 49, செல்லாதுன்னு ஒதுக்குன தபால் ஓட்டுக் கவர் 203. 2021-ல அதே ரெண்டு பேரும் மோதினாங்க, அப்பாவு 82,331, இன்பதுரை 76,406.

இந்தப் பட்டியல்ல 2016-ங்கிற ஒரு வரிக்குள்ள மட்டும் அஞ்சு வருசக் கதை கிடக்கு. அங்க இருந்தவங்க யாரும் இருக்கீங்களா?

சைக்கிள் ஓட்டு:

1996-ல எனக்கு முதல் ஓட்டு. வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் படம் வரைஞ்ச சுவர் இன்னும் கண்ணுல நிக்குது, ஏன்னா வரைஞ்சது எங்க சித்தப்பா. அஞ்சு வருசம் கழிச்சு அதே சுவர்ல வெள்ளை அடிச்சு வேற சின்னம் எழுதச் சொன்னப்ப, “ஆளு அதேதானவே, படம்தான மாறுது”ன்னு கூலியைப் பேசி வாங்கிட்டுப் போயிட்டார். எங்க ஆச்சிக்கு மட்டும் சின்னம் மாறுனதைப் புரிய வைக்கப் பெரும்பாடு. அவங்க கடைசிவரைக்கும் “வாத்தியார் சின்னம் எது”ன்னுதான் கேப்பாங்க.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்:

203 கவர் விஷயம் எங்களைப் போன்றவர்கள் கையில் நடந்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் தங்கள் ஊர் வாக்குச்சாவடியில் வாக்களிக்க முடியாது. தபால் வாக்குச் சீட்டு தருவார்கள். சீட்டில் பேனாவால் குறியிட்டு 13பி என்ற சின்ன உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். 13ஏ என்பது உறுதிமொழிப் படிவம். அதில் வாக்குச் சீட்டின் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்திட்டு, அதைக் கெசட்டட் அதிகாரி (அரசிதழில் பதிவு பெற்றவர்) ஒருவரிடம் அட்டெஸ்ட், அதாவது சான்றொப்பம், வாங்க வேண்டும். பிறகு சின்ன உறையையும் படிவத்தையும் சேர்த்து 13சி என்ற பெரிய உறையில் போட்டு அனுப்ப வேண்டும். எண்ணும் நாளில் பெரிய உறையைப் பிரித்து முதலில் பார்ப்பது 13ஏ படிவத்தைத்தான். கையெழுத்தோ சான்றொப்பமோ சரியில்லை என்றால் சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். அப்படியே ஓரமாக வைத்துக் கட்டிவிடுவார்கள்.

நான் அப்போது நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாலைந்து பேர் சாயங்காலம் படிவத்தோடு வந்தார்கள். முழு ஆண்டு விடுமுறை. அலுவலக அறையைத் திறந்தால் ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடக்கிறது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பழைய வருகைப் பதிவேட்டு அட்டையில் அழுத்திப் பார்த்து, முத்திரை தெளிவாக விழுந்த பிறகுதான் படிவத்தில் வைத்தேன். பச்சை மைப் பேனா வைத்திருந்தேன். பேர், பதவி, தேதி எல்லாம் எழுதினேன்.

எண்ணிக்கை முடிந்து சில நாளில் பத்திரிகையில் செய்தி. 203 தபால் வாக்குகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டனவாம். காரணம், சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்கள் கெசட்டட் அதிகாரிகள் இல்லையாம். வங்கிக் கடனுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அதே முத்திரையை வைத்துக் கொடுத்தபோது யாரும் திருப்பி அனுப்பியதில்லை. என் முத்திரை விழுந்த உறை அந்தக் கட்டில் இருந்ததா என்று எனக்குச் சொல்வாரில்லை. அந்த டீச்சர்களில் ஒருவர் என்னை எங்கே பார்த்தாலும் “சார், நம்ம ஓட்டு செல்லுமா செல்லாதா” என்றே ஆரம்பிப்பார்.

அப்பாவு தொடுத்த தேர்தல் வழக்கில், 2019 அக்டோபர் 1-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன், அந்தத் தபால் வாக்குகளையும் 19, 20, 21-ஆம் சுற்று வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவிட்டார். தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்டால் செல்லும் என்பதுதான் அந்த உத்தரவுக்கு அடிப்படை. அன்றைக்கு அந்த டீச்சர் போன் செய்தார். நான் எடுத்ததும், “செல்லுமாம் சார்” என்றார். வேறெதுவும் பேசவில்லை, வைத்துவிட்டார்.

சுயேச்சை ஏஜெண்ட்:

2016 மே 19. ஜெயிக்க வாய்ப்பே இல்லாத ஒரு சுயேச்சைக்கு நான் கவுண்டிங் ஏஜெண்ட். டோக்கனும் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடைக்கும்னு போனவன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பெஞ்சுல உட்காரணும். அந்தப் பக்கம் மெஷினோட சீலைக் காட்டிட்டு, ரிசல்ட் பட்டனை அமுக்குவாங்க. ஒவ்வொரு வேட்பாளர் நம்பரும் வரிசையா வரும். எழுதலேன்னா போச்சு, இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கெஞ்சணும்.

எனக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பெரிய கட்சி ஆளுங்க. காலையில என்னைச் சீண்டுறதும், எங்க வேட்பாளர் வாங்குன ஒத்தை இலக்க ஓட்டைச் சொல்லிச் சிரிக்கிறதுமா இருந்தாங்க. சாயங்காலம் ஆக ஆகச் சிரிப்பு நின்னுருச்சு. கடைசி ரவுண்டுகள்ல டீ வந்தும் ஒருத்தன் கை நீட்டல. ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுன தாளை என்கிட்ட நீட்டி, “வே, நீ பொதுவான ஆளு, கூட்டிச் சொல்லு”ன்னாங்க. அம்பதுக்குக் கீழ வித்தியாசம்னு வந்தப்ப நானே மூணு தடவை கூட்டிப் பார்த்தேன். எங்க சுயேச்சைக்கு விழுந்த ஓட்டே அதைவிட ஜாஸ்தி.

அதே நாள்ல பக்கத்துத் திருநெல்வேலித் தொகுதியில திமுக லட்சுமணன் 601 ஓட்டுல ஜெயிச்சார், தோத்தது நயினார் நாகேந்திரன். வேற நாளா இருந்தா மாவட்டமே அதைத்தான் பேசியிருக்கும். அன்னைக்கு அதைக் கேட்க ஆளில்ல.

கூடன்குளம் பக்கத்து அக்கா:

எல்லாரும் 49-ஐயே சுத்திச் சுத்தி எழுதுறீங்க. கடற்கரை ஊருக்கு அது அவ்வளவு பெரிய விசயம் இல்ல தம்பி. 2011-ல இருந்து இடிந்தகரையில மாதா கோயில் முன்னாடி அணுஉலை எதிர்ப்புப் பந்தல்ல உட்கார்ந்திருந்தவ நான். அதுக்கப்புறம் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், அப்பாவு ஆனாலும் இன்பதுரை ஆனாலும், முதல் கேள்வி அணுஉலை, ரெண்டாவது எங்க மேல இருக்குற வழக்கு. ரோடு, தண்ணி எல்லாம் அதுக்குப் பின்னாடி. பதில் சொன்னவங்களும் உண்டு, மாலையை வாங்கிட்டு ஜீப்புல ஏறுனவங்களும் உண்டு. யார் யார்னு எழுத மாட்டேன். எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

திசையன்விளை விவசாயி:

தண்ணியைப் பத்தி ஒருத்தரும் எழுதலையே! தாமிரபரணி-கருமேனியாறு-நம்பியாறு நதி இணைப்புக்கு 2009-ல அடிக்கல் வச்சப்ப அப்பாவுதான் எம்.எல்.ஏ. வெள்ளாளன்குழியில ஆரம்பிச்சு எம்.எல்.தேரி வரைக்கும் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். கடலுக்குப் போற தண்ணியைத் தேரிக்காட்டுக்குத் திருப்புற வேலை. எங்க அப்பா அடிக்கல் விழாவுக்கு லாரியில போய்ட்டு வந்து, “அடுத்த மழைக்குத் தண்ணி”ன்னாங்க. முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வச்சது 2025 பிப்ரவரியில. நடுவுல ஆட்சி ரெண்டு தடவை மாறிருச்சு, எங்க முருங்கை மூணு தலைமுறை பார்த்திருச்சு, அப்பா இல்ல. ஒரு எம்.எல்.ஏ. பேரைக் கல்லுல வெட்டுறது சுலபம், தோண்டி முடிக்கிறது வேற சங்கதி. ஆனா 2006-11-ல இவர் விடாம அதைப் பேசுனார்னு நான் சொல்வேன். அதுல எனக்குக் கட்சி இல்ல.

இரட்டை இலை ரசிகன்:

ஒரு பக்கமாவே எழுதிட்டுப் போறீங்க அண்ணாச்சி. 69,590 பேர் போட்டதும் ஓட்டுதான். கவரை ஒதுக்குனது வேட்பாளர் இல்ல, அதிகாரி. கோர்ட்டுக்குப் போக அப்பாவுவுக்கு உரிமை இருந்த மாதிரி மேல்முறையீடு போக இன்பதுரைக்கும் உரிமை இருந்துச்சு, அவரும் வக்கீல்தானே. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கட்டடம் சம்பந்தமா அவரைப் பார்க்கப் போனப்ப, மனுவை வாங்கி, வரி வரியாப் படிச்சுட்டு, ரெண்டாவது பத்தியில தேதி தப்புன்னு திருத்திக் குடுத்தார். 2021-ல 5,925-ல தோத்தார், 2025-ல ராஜ்யசபாவுக்குப் போயிட்டார். ரெண்டு பேருமே நல்லாத்தான் இருக்காங்க. ஓட்டுப் போட்ட நாமதான் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்.

பாரிமுனை ஜூனியர்:

நான் திருநெல்வேலி இல்லை. ஆனால் 2019 அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்தேன். வேறு வழக்குக்கு வாய்தா வாங்கப் போன ஜூனியர் வக்கீல்.

மறு எண்ணிக்கை அங்கேயே நடந்தது. கோர்ட்டுக்குள் வாக்கு எண்ணுவதைப் பார்க்க யாருக்கு ஆசை வராது! வராந்தா முழுக்கக் கரை வேட்டி. நெல்லையிலிருந்து பெட்டிகளும் இயந்திரங்களும் வந்து இறங்கின. அதற்குள் டெல்லியிலிருந்து தகவல் வந்துவிட்டது. எண்ணிக்கொள்ளலாம், முடிவை மட்டும் அறிவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு தரப்பு முகவர்களும் உள்ளே உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்த்தார்கள். வெளியே வந்தவர்கள் முகத்தைப் பார்த்தே முடிவைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் காத்திருந்தது. என் சீனியரின் குமாஸ்தா, யாரோ ஒரு ஆள் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, “தளபதி ஆளு ஜெயிச்சாச்சு” என்று அடித்துச் சொன்னார். அந்த ஆள் காபி குடித்துவிட்டுத் திரும்பி வருகிறவர் என்று பிறகு தெரிந்தது.

சட்டம் படிக்கிறவர்களுக்காக ஒன்று. தேர்தல் வழக்கை முடிவு வந்து 45 நாளுக்குள் போட வேண்டும், கொஞ்சம் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள். விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் விதி இரும்பு, இரண்டாவது வெறும் ஆசை. இந்த வழக்கில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வரவே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. 2021-ல் சட்டமன்றத்தின் ஆயுள் முடிகிறவரை எண்ணிய எண்ணிக்கை வெளியே வரவில்லை. உண்மையில் யார் எம்.எல்.ஏ. என்ற கேள்வியோடேயே ஒரு தொகுதி ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டது. எனக்கு இரண்டு கட்சியின் மீதும் கோபமில்லை, இந்தத் தாமதத்தின் மீது இருக்கிறது.

பணகுடிக்காரன்:

தலைமை ஆசிரியர் சார், நீங்க எழுதுனதை வீட்ல வாசிச்சுக் காட்டுனேன். என் மதினியும் டீச்சர்தான். 2021-ல அவங்களுக்கு எலெக்‌ஷன் பயிற்சி நடந்த இடத்துலயே தனி மேசை போட்டு, அட்டெஸ்ட் பண்ண அதிகாரியையும் உட்கார வச்சிருந்தாங்களாம். வரிசையில நின்னு, அங்கேயே ஓட்டைப் போட்டு, அங்கேயே கையெழுத்து வாங்கி, பெட்டியில போட்டுட்டு வந்துட்டாங்க. மதினி அப்பவும் அதிகாரிகிட்ட “சார் நீங்க கெசட்டட்தானே”ன்னு கேட்டுட்டுத்தான் படிவத்தை நீட்டுனாங்களாம். பின்னாடி நின்ன ராதாபுரம் டீச்சர்கள் எல்லாம் சிரிச்சிருக்காங்க, அந்த அதிகாரிக்கு ஒண்ணும் புரியல.

2021-ல நான் பார்த்ததையும் சொல்லிடுறேன். மே 12, சபாநாயகர் தேர்வு. போட்டி இல்லை. எங்க தெருவுல டீக்கடை டிவியில ஓடுச்சு. இவரை இருக்கைக்குக் கூட்டிட்டுப் போறதைப் பார்த்துட்டு கடைக்காரர், “49 ஓட்டுல உள்ள விடாத ஆளு, இன்னைக்கு மொத்த சபைக்கும் தலைமை”ன்னார். பக்கத்துல இருந்த அதிமுக கிளைச் செயலாளர், “அவருக்கு இனிமே கட்சி கிடையாதுல்லா, அப்ப எங்களுக்கும் அவர்தான் எம்.எல்.ஏ.”ன்னு சொல்லி டீக்குக் காசும் அவரே குடுத்தார். பிற்பாடு சபையில ரெண்டு பக்கமும் உரசுனது வேற கதை. 2024 பிப்ரவரியில ஆளுநர் தன் உரையை வாசிக்காம விட்டப்ப இவர் தமிழ்ல முழுசா வாசிச்சு முடிச்சார். பள்ளிக்கூடத்துல பாடம் வாசிக்கிற அதே தொனின்னு எங்க வீட்ல எல்லாரும் சொன்னாங்க.

மைக்கேல் ராயப்பன் காலத்தைப் பத்தி யாருமே எழுதலையே? 2011-ல முரசுல ஜெயிச்சவர், அடுத்த வருசமே தேமுதிகவுல இருந்துக்கிட்டே ஜெயலலிதாவைப் போய்ப் பார்த்த நாலு பேர்ல ஒருத்தர். வள்ளியூர்க்காரங்க யாராவது இருந்தா அந்த அஞ்சு வருசத்தை நீங்க ஆரம்பிங்க.