சூறாவளி என்றால் சுழல வேண்டுமா, வேண்டாமா?

பிழைதிருத்தி:
சென்னை வானிலை அறிக்கையில் மீனவர்களுக்கு அடிக்கடி வரும் வாசகம் இது: ‘சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்.’ இதைப் பார்த்ததும் ‘சூறாவளி எச்சரிக்கை’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அங்கே சுழல்வது ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஸ்குவால்’ என்பதன் தமிழ் அது. காற்றின் வேகம் திடீரென்று குறைந்தது 16 நாட் (மணிக்குச் சுமார் 30 கி.மீ.) கூடி, 22 நாட் (சுமார் 41 கி.மீ.) அளவையாவது எட்டி, ஒரு நிமிடமாவது நீடித்தால் ஸ்குவால்.

இன்னொரு தப்பும் கூடவே வரும். புயல் என்று பெயர் பெற 62 கி.மீ. வேண்டும், இங்கே 65 வந்துவிட்டதே என்று ‘புயலுக்கு நிகரான காற்று’ என எழுதுவது. அந்த 62 என்பது மூன்று நிமிடச் சராசரி. இந்த 65 கணநேர வீச்சு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சூறாவளியை, இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழலான டொர்னாடோவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் குழப்பம் தீரும் என்பது என் கட்சி.

மட்டுநகரான்:
எங்கட சொல்லை எடுத்து டொர்னாடோவுக்குக் கொடுக்க நீங்கள் யார்? இலங்கையில் சூறாவளி என்றால் சைக்ளோன். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதைக் கிழக்கில் எவரும் ‘புயல்’ என்று கதைப்பதில்லை, சூறாவளிதான். வளிமண்டலவியல் திணைக்களமும் அதையே பாவிக்குது. சிக்கல் உங்கள் பக்கம். சென்னை அறிக்கையின் ‘சூறாவளிக்காற்று’ மன்னாரிலோ பருத்தித்துறையிலோ வாசிக்கப்பட்டால் சைக்ளோன் வருகுது என்றுதான் பொருள்படும். ஒரே கடல், ஒரே சொல், பொருள் வேறு. இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை.

சொல்லேருழவன்:
இரண்டு பேரும் ‘சூறாவளி சுழல வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். சொல்லைப் பிரியுங்கள்: சூறை + வளி. வளி காற்று. சூறை? சூறையாடுதல், சூறைவிடுதல், சூறைத்தேங்காய். பிள்ளையார் முன்னால் தேங்காயை ஓங்கிக் கல்லில் அடித்தால் சில்லு எல்லாத் திசையிலும் தெறிக்கும், கூடி நிற்பவர்கள் பாய்ந்து அள்ளிக்கொண்டு போவார்கள். சிதறடிப்பது, வாரிக்கொள்வது, இரண்டும்தான் சூறை. இதில் சுழற்சி எங்கே வந்தது? கூரை ஓட்டைப் பிய்த்து எறியும் நேர்க்காற்றுக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

வேர்ப்பொருள்தான் சட்டம் என்றால் ‘புயலை’யும் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். பழந்தமிழில் அது மேகம். ‘ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும்’ என்ற குறளில் (14) வருவது மழை தரும் மேகம். புயல்வண்ணன் என்றால் மேகநிறத்தான். காற்றே இல்லாத சொல் காற்றுக்குப் பெயராகிவிட்டது!

பிழைதிருத்தி:
வேரைக் காட்டிச் செய்தி எழுத முடியாது. களத்தில் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. கடலில் பிறந்து, பல நூறு கி.மீ. அகலத்துக்கு விரிந்து, நாள்கணக்கில் நகர்வது புயல். இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கி, பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்துக்குள்ளேயே சுழன்று, நிமிடக்கணக்கில் முடிவது டொர்னாடோ. வெயிலில் சுட்ட தரையிலிருந்து புழுதியைத் தூக்கிக்கொண்டு மேலே எழுவது மூன்றாவது. கிராமத்தில் பேய்க்காற்று என்பார்கள், அதற்கு மேகமே வேண்டாம். நம் வங்கக்கடலில் புயல் எப்போதும் இடஞ்சுழி. பேய்க்காற்று வலஞ்சுழியாகவும் போகும். அத்தனை சிறிய சுழலுக்குப் பூமியின் சுழற்சி ஒரு பொருட்டே இல்லை. இந்த மூன்றையும் ‘சூறாவளி’ என்று எழுதினால் படிப்பவர் எதற்கு ஓடுவார், எதற்குக் கதவைச் சாத்துவார்?

கடலோடி:
உருவகத்தை யாரும் தொடவில்லையே. ‘தலைவர் சூறாவளிச் சுற்றுப்பயணம்’ என்கிறார்கள். வங்கக்கடல் புயல் நகரும் வேகம் பெரும்பாலும் மணிக்கு 10 முதல் 20 கி.மீ. தலைவர் சைக்கிளில் போகிறார் போலும்.

சொல்லேருழவன்:
அங்கே சூறாவளி சைக்ளோன் இல்லை. ஆங்கிலத்தின் ‘வேர்ல்விண்ட் (சுழல்காற்று) டூர்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு அது. சைக்கிள் கணக்கு செல்லாது. ஆனால் வழக்கில் ஒரு பங்கீடு இருக்கிறது, கவனியுங்கள். பட்டம் என்றால் பெரும்பாலும் புயல்: இசைப்புயல், வைகைப்புயல். சர்ச்சையும் புயலைத்தான் ‘கிளப்பும்’. பயணம், பிரசாரம் என்றால் சூறாவளி. ‘இசைச்சூறாவளி’ நாக்கில் நிற்காது என்பது ஒரு காரணம். சூறாவளிக்குள் சூறை ஒளிந்திருக்கிறது, கொள்ளை வாடை அடிக்கும் என்பது இன்னொன்று.

கடலோடி:
பிரசாரத்துக்கு அந்த வாடை பொருத்தம்தான்.

மட்டுநகரான்:
சரி, காரியத்துக்கு வருவோம். நீங்கள் பெரிதாகச் சொல்லும் ‘புயலும்’ அவ்வளவு சுத்தமில்லை. உங்கள் துறைமுகங்களில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, அதன் பொருள் என்ன? திடீர்க் காற்றோடு கூடிய மழையால் துறைமுகத்துக்கு அச்சுறுத்தல், அவ்வளவுதான். பேரில் புயல், உள்ளே வெறும் ஸ்குவால்.

பிழைதிருத்தி:
அது உண்மை. கூண்டின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. செய்தியில் எண்ணோடு பொருளையும் எழுதினால் போதும். அறிக்கையில் வரும் ‘சூறாவளிக்காற்றை’த் தலைப்பில் ‘பலத்த காற்று’ என்றோ ‘சூறைக்காற்று’ என்றோ மாற்றலாம், வேக எண்ணைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். டொர்னாடோவுக்குச் ‘சுழல்காற்று’?

மட்டுநகரான்:
சைக்ளோனும் சுழல்காற்றுத்தானே. டொர்னாடோ என்றே எழுதுங்கள்.

பிழைதிருத்தி:
அப்படியானால் அமெரிக்கப் பக்கத்து ஹரிக்கேன், ஜப்பான் பக்கத்து டைஃபூன்?

மட்டுநகரான்:
கடல்தான் வேறு, பொருள் ஒன்று. எங்களுக்குச் சூறாவளி, உங்களுக்குப் புயல். ‘சூறாவளிப் புயல்’ என்று இரண்டையும் சேர்த்து மட்டும் எழுதாதேங்கோ.