மிஸ் ஜாம்பி: அந்தத் தேய்க்கிற சத்தம் எதற்கு?

மொட்டைமாடி:
நேற்று ராத்திரி ஜப்பானிய இயக்குநர் சாபுவின் 'மிஸ் ஜாம்பி' (2013) என்ற கருப்பு-வெள்ளைப் படம் பார்த்தேன். துரத்துவார்கள், கடிப்பார்கள் என்று லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், ஒரு டாக்டர் வீட்டுக்குப் பெட்டியில் அடைத்து ஒரு பெண் வந்து இறங்குகிறாள். பெயர் சாரா, செத்தும் நடமாடுகிற ஜாம்பி. கூடவே 'இறைச்சி கொடுக்காதீர்கள்' என்று ஒரு குறிப்பு, ஒரு துப்பாக்கி. அப்புறம் அவள் முற்றத்துக் கல்தளத்தை முட்டிபோட்டுத் தேய்க்கிறாள். தேய்க்கிறாள், தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். சரக், சரக்.

பாதியில் அம்மா எட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்குச் சம்பளம் என்னடா?" என்றார். ஒன்றும் கிடையாது என்றேன். "லீவு?" அதுவும் கிடையாது. அம்மா பத்து வருஷம் வீட்டுவேலை பார்த்தவர். பயம் எல்லாம் ஒன்றும் இல்லை, கணக்குதான் கேட்டார்.

என் சந்தேகம்: ஒரே காட்சியை ஏன் இத்தனை தடவை காட்ட வேண்டும்? இயக்குநரிடம் கதை தீர்ந்துபோச்சா?

கடைசிவரிசை:
ஒரே காட்சி இல்லை ப்ரோ. அவள் தேய்ப்பது மாறாது, அவளைப் பார்க்கிறவர்கள் பார்வைதான் மாறும். முதலில் அருவருப்பு. பிறகு அங்கே வேலை செய்யும் ஆண்களின் பார்வை, அப்புறம் டாக்டருடையது. சாயங்காலம் அவள் நடந்து திரும்பும் வழியில் பசங்க கல்லெறிகிறார்கள், ஒருத்தன் கத்தியால் குத்துகிறான். மறுநாள் அதே முற்றம், அதே பிரஷ். எனக்கு வயிற்றைப் புரட்டியது இதுதான், ரத்தம் இல்லை.

கரும்புக்காடு:
ஜாம்பி என்றாலே ஆதியில் வேலையாள்தான். கரீபியன் தீவு நாடான ஹைட்டியில் பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வைத்துப் பிழிந்தார்கள். 1804-ல்தான் அந்த நாட்டுக்கு விடுதலை. அங்கே ஜாம்பி கடிக்கும் என்று யாரும் பயப்படவில்லை. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதுதான் பயம். 1932-ல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் சர்க்கரை ஆலைக் காட்சி ஒன்று உண்டு: அங்கே வேலை செய்யும் ஜாம்பிகளில் ஒருத்தன் அரவைக்குள் விழுந்துவிடுவான், மற்றவர்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். மனிதக்கறி தின்னும் கூட்டமெல்லாம் 1968-ல் அமெரிக்க இயக்குநர் ரொமேரோ கொண்டுவந்தது. சாபு பழைய இடத்துக்கே போயிருக்கிறார். சிரித்துக்கொண்டே இதைப் பார்க்க வேண்டுமென்றால் கனடாவின் 'ஃபைடோ' (2006) படம் இருக்கிறது.

மொட்டைமாடி:
சரி, இன்று மறுபடி போட்டேன். (கதையைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்.) டாக்டரின் பையன் தண்ணீரில் மூழ்கிச் சாகிறான். சாரா கடித்தால் எழுந்துவிடுவான் என்று எஜமானியே அவளிடம் கெஞ்சுகிறாள். எழுந்தவன் பெற்றவளை விட்டுவிட்டுச் சாரா பின்னால் போகிறான். கர்ப்பமாக இருந்தபோதுதான் சாரா ஜாம்பியானாள் என்பது நேற்று என் மண்டையில் ஏறவே இல்லை. கடைசியில் கொஞ்ச நேரம் கலர் வருகிறதே, அது வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவும் இந்தத் தடவை முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் சொன்னது இவ்வளவுதான்: "வெறும் கல்லுல முட்டி போட்டா ஒரு மாசத்துல முழங்கால் போயிடும். அடியில ஒரு சாக்காவது போட்டிருக்கலாம்."