கன்று வீசிய பட்டியில் இரத்தம் எடுத்தபோது

மூதூர், எருமைப் பட்டி வைத்திருப்பவர்:

எங்கட பட்டியில் இரண்டு எருமை அடுத்தடுத்து மாதம் நிறையாமலே கன்று வீசின. எங்கள் மிருக வைத்தியர் அறிவித்ததும் பேராதனை மிருக வைத்திய பீடத்திலிருந்து ஆராய்ச்சிக்காக ஒரு குழு வந்தது. கழுத்து நரம்பில் இரத்தம் எடுத்து உறைய வைத்தார்கள். மேலே தெளிந்த நீரில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டு, ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்பு மருந்தையும் ஒரு துளி சேர்த்து, குச்சியால் கலந்து 4 நிமிடம் ஆட்டினார்கள். மற்ற மாடுகளின் துளி அப்படியே இருக்க, அந்த இரண்டின் துளி மட்டும் குருணை குருணையாகத் திரண்டது.

"புரூசெல்லோசிஸ் போல கிடக்கு, லாபில உறுதிப்படுத்தோணும்" என்றார் குழுவில் வந்த மாணவி. மாட்டைக் கன்று வீசச் செய்யும், மனிதருக்கும் தொற்றும் கிருமி நோய் அது. அடுத்து அவர் கேட்டது: "விழுந்த கன்றை ஆர் தூக்கினது?"

பெரியப்பாதான். இளங்கொடியையும் வழக்கம்போல சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டியவர் அவர்தான். "ஐயா, காய்ச்சல் விட்டு விட்டு வருதா? இரவில வேர்க்குதா?"

வந்துகொண்டுதான் இருந்தது. டெங்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூட்டுவலி வயதால் என்று விட்டிருந்தோம். மாடு கன்று வீசிய கதையை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சொன்ன பிறகுதான் பெரியப்பாவுக்கும் புரூசெல்லோசிஸ் பரிசோதனை செய்தார்கள். டொக்சிசைக்கிளின், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்தும் 6 கிழமை. இப்போது சுகம். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கிண்ணியா:

வாப்பா கறந்த சூட்டோடு பால் குடிக்கிறவர், இதை வாசித்துக் காட்டினேன். பொங்கக் காய்ச்சினால் இந்தக் கிருமி சாகும். காய்ச்சி உறை ஊற்றிய சட்டித் தயிருக்குப் பயமில்லை. ஆனால் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. முன்பொருமுறை வேறொரு குழு எங்கட மாடுகளில் இரத்தம் எடுத்துப் போனது, முடிவு இன்றுவரை வரவில்லை. அடுத்தமுறை வருபவர்களுக்கு எந்த முகத்தோடு மாட்டைப் பிடித்துக் கொடுப்பது?

மூதூர்:

உங்கள் கோபம் நியாயம். எங்களுக்கு முடிவு மிருக வைத்தியர் வழியாக வந்தது. இரத்தம் எடுக்கும்போதே மாட்டின் காது இலக்கத்தையும் எடுத்தவரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். வீசிய கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், மரத்தில் கட்ட வேண்டாம். நாகு கன்றுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் இந்த நோய்க்கான எஸ்19 தடுப்பூசி கேளுங்கள். நாம்பனுக்கும் (ஆண் மாட்டுக்கும்) சினை மாட்டுக்கும் போடுவதில்லை.