தேங்காய் எண்ணெய் உறைந்ததற்கு ஒற்றை நட்சத்திரம்: என்ன பதில் போடுவது?

செக்குக்காரன்:
காங்கேயத்தில் சின்னதாக மரச்செக்கு ஓட்டுகிறேன். வாட்ஸ்அப்பில் ஆர்டர், கூரியரில் பாட்டில். டிசம்பரில் ஊட்டிக்குப் போன ஒரு லிட்டர் உறைந்துவிட்டது. வாங்கியவர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்து, ‘மெழுகு கலந்திருக்கிறார்கள்’ என்று கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். என் மச்சான் கடை பெயரிலேயே, ‘எண்ணெய் பத்தித் தெரியாதவங்க பாக்கெட் எண்ணெயே வாங்கிக்கங்க’ என்று பதில் எழுதித் தொலைத்தான். அந்த ஸ்கிரீன்ஷாட் இப்போது எங்கள் ஊர் குரூப் வரை வந்துவிட்டது. எண்ணெயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, ‘என்ன திமிர் பாரு’ என்பதுதான் பேச்சு. அந்த ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை நீக்க வழி உண்டுங்களா?

கணினிப்பித்தன்:
புகார் கொடுக்கலாம். ஆனால் நிஜமாக வாங்கியவர் சொன்ன குறையை கூகுள் எடுக்காது. மச்சான் எழுதியதை நீங்களே திருத்தலாம், இன்றைக்கே செய்யுங்கள். காசுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

செக்குக்காரன்:
மன்னிப்புக் கேட்டால் கலப்படத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

மக்கள்தொடர்பு_சென்னை:
அண்ணா, உங்களிடம் இருப்பது இரண்டு வழக்கு. எண்ணெய் வழக்கில் நீங்கள் நிரபராதி. பேச்சு வழக்கில் மச்சான் மாட்டிக்கொண்டார். மன்னிப்பு இரண்டாவதற்கு மட்டும்.

2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி கடைகளுக்குக் கோழிக்கறியே வந்து சேரவில்லை. விநியோகத்தை டிஹெச்எல் என்ற சரக்கு நிறுவனத்துக்கு மாற்றிய கையோடு நடந்த குளறுபடி, பல நூறு கடைகள் மூடிக் கிடந்தன. பழியை லாரிக்காரர் மேல் போட்டிருக்கலாம். மன்னிப்பு விளம்பரத்தில் அப்படிச் செய்யவில்லை. காலி பக்கெட்டில் KFC என்ற தன் பெயரின் மூன்று எழுத்தையே கெட்ட வார்த்தை மாதிரி FCK என்று மாற்றிப்போட்டு, முழுப்பக்க விளம்பரத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். திட்டிக்கொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

நீங்கள் பக்கெட்டெல்லாம் வரைய வேண்டாம். இதைப் போடுங்கள்: ‘எங்கள் பதில் மரியாதை இல்லாதது, மன்னியுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். திருப்தி இல்லையென்றால் பணம் திரும்ப வரும்.’ உறைவதே சுத்தத்துக்குச் சாட்சி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெயும் உறையும், விவரம் தெரிந்தவன் அதையே பிடித்துக்கொள்வான்.

செக்குக்காரன்:
போட்டாச்சுங்க. அந்த அம்மாவே போன் பண்ணினார், எண்ணெய் இளகிவிட்டதாம். நட்சத்திரம் இன்னும் ஒன்றில்தான் நிற்கிறது, கேட்கவும் கூச்சமாக இருந்தது. அடுத்த பாட்டிலிலிருந்து 24 டிகிரி ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அப்புறம், மச்சானிடமிருந்து பாஸ்வேர்டைப் பிடுங்கியாச்சு.