சென்சார் போட்ட பிறகு தண்ணீர் மிச்சம், ஆனால் எரிபொருள் கூடிவிட்டது. எங்கே தவறு?

துளிர்க்குடில் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 2000 சதுர மீட்டர் பசுமைக்குடில், உள்ளே தக்காளி, தென்னை நார்த்தூள் பைகளில் சொட்டுநீர்ப் பாசனம். போன ஆண்டு வரைக்கும் எல்லாமே கைவேலைதான். கூரை ஜன்னலைத் திறக்க ஒருவர், வால்வைத் திருப்ப ஒருவர், காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுத நான். எட்டு மாதத்துக்கு முன்பு வெப்பம், ஈரப்பதம், ஒளி, உரநீரின் இ.சி. (கரைந்த உப்பின் அளவு), பி.எச். (அமிலத்தன்மை) எல்லாவற்றுக்கும் சென்சார் வைத்து, ஜன்னல், வெந்நீர்க் குழாய், பம்ப் மூன்றையும் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைத்துவிட்டோம்.

தண்ணீர் உண்மையிலேயே குறைந்திருக்கிறது, ஏறக்குறைய கால் பங்கு. ஆனால் குளிர்மாதங்களில் சூடேற்றும் எரிபொருள் குறையவில்லை, முந்தைய குளிர்காலத்தைவிடக் கொஞ்சம் கூடவே போயிருக்கிறது. வெளிவெப்பம் இரண்டு ஆண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சரிபார்த்துவிட்டேன்.

போன வாரம் இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்து ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாயில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. தலைக்கு மேலே கூரை ஜன்னல் இரண்டு விரல்கடை திறந்து கிடக்கிறது, பிடரியில் குளிர்காற்று இறங்குகிறது. திரையில் ஈரப்பதம் 93 சதவீதம் என்று காட்டியது. ஆனால் இலையைத் தொட்டால் காய்ந்துதான் இருந்தது.

இன்னொன்று, வேலை குறையும் என்று நினைத்தேன். நடப்பது குறைந்தது, தூக்கமும் குறைந்தது. இரவில் மூன்று தடவை அலாரம் வருகிறது. என்னோடு வேலை செய்பவர்களும் “முன்னெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கே தெரியும், இப்போது அந்தப் பெட்டியைக் கேட்க வேண்டியிருக்கிறது” என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

கூரைக்காற்று

குழாயும் சூடு, கூரையும் திறப்பு, இலை காய்ந்திருக்கிறது, திரையில் 93. பாதி விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. முதலில் அந்த ஈரப்பதச் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

பெரும்பாலான ஈரப்பதச் சென்சார்களில் மெல்லிய பாலிமர் படலம் ஒன்று இருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதை வைத்துத்தான் அளவு சொல்கிறது. நாள் கணக்கில் 85, 90 சதவீத ஈரத்திலேயே கிடந்தால் அளவு மெல்ல மேலே நகர்ந்துவிடும். பூச்சிமருந்துப் புகை, கந்தகப் புகை பட்டாலும் கெடும். நிஜத்தில் 85 இருக்கும்போது அது 93 என்று சொன்னால் பெட்டி என்ன செய்யும்? ஈரத்தை வெளியேற்ற ஜன்னலைத் திறக்கும். திறந்ததும் வெப்பம் இறங்கும், உடனே குழாயைச் சூடாக்கும். விடியும்வரை இதுவே நடக்கும். பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அதற்குக் கிடைக்கும் தகவல்தான் தவறு.

சோதித்துப் பார்க்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்கு வருமளவு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள், உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, உப்பு சென்சாரில் படாமல் பார்த்துக்கொண்டு, வெயில் படாத, வெப்பம் மாறாத இடத்தில் ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். 10 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை இது பெரிதாக மாறாது. சென்சார் அதைவிட எவ்வளவு கூடுதலாகக் காட்டுகிறதோ அந்த அளவைப் பெட்டியில் கழித்துவிடலாம், மிகவும் விலகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் சென்சார் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். வெயில் நேராகப் பட்டால் வெப்பம் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். சின்ன விசிறி வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், செடியின் கொழுந்து உயரத்தில் இருக்க வேண்டும், செடி வளர வளர ஏற்றிக் கட்ட வேண்டும். அந்த விசிறியில் சிலந்தி வலை பிடித்து நின்றுபோனதை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன் தெரியுமா, யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

சதவீதத்தை மட்டும் வைத்து ஜன்னலை ஓட்டுவதும் சரியில்லை. 18 டிகிரியில் 85 சதவீதம் என்றால் ஆவி அழுத்தப் பற்றாக்குறை, அதாவது காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதன் அளவு, 0.3 கிலோபாஸ்கல். அதே 85 சதவீதம் 28 டிகிரியில் 0.57. செடி நீராவி விடுவது இந்தப் பற்றாக்குறையைப் பொறுத்துத்தான். உங்கள் பெட்டியில் அந்த வசதி இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். சூடேற்றும் வெப்பத்துக்கும் ஜன்னல் திறக்கும் வெப்பத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று டிகிரியாவது இடைவெளி விடுங்கள், ஒட்டி வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

துளிர்க்குடில்

அண்ணா, நேற்று இரவே உப்பு வைத்துவிட்டேன். காலையில் 82. விசிறியும் ஓடவில்லை, தூசி அடைத்துக் கல்லாக நிற்கிறது. எட்டு மாதமாக ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை.

இலைமடல்

நான் இன்னொரு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெரிய குடில் ஒன்றில் ஒன்பது வருடமாகச் செடி வேலை: கொழுந்து சுற்றுவது, பக்கக் கிளை கிள்ளுவது, அடியிலை கழிப்பது, பறிப்பது. உங்களோடு வேலை செய்பவர்கள் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் இடத்தில் ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஒரு அட்டை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதைத் தொட வேண்டும். ஒரு வரிசைக்கு எத்தனை நிமிடம் என்று மேற்பார்வையாளரின் போனில் வந்துவிடும். வேகம் குறைந்தால் பெயர் சிவப்பாகிவிடும். ஒருநாள் என் பெயர் சிவப்பில் இருந்தது, காரணம் நான் நின்று நின்று இலையைத் திருப்பிப் பார்த்தது. அடிப்பக்கத்தில் வெள்ளை ஈயின் குஞ்சுகள், ஒளி ஊடுருவும் செதில் மாதிரி, கண்ணுக்கு அருகில் பிடித்தால்தான் தெரியும். மஞ்சள் ஒட்டும் அட்டையில் பறக்கிற ஈதான் சிக்கும், குஞ்சு பறக்காது. அட்டையைப் படமெடுத்து எண்ணுகிற கேமரா அன்றைக்குப் பெரிதாக எதுவும் காட்டவில்லை. நான் சொன்ன வரிசையில் மட்டும் வெள்ளை ஈக் குஞ்சுகளை அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவி அட்டைகளைக் கூடுதலாகத் தொங்கவிட்டார்கள், மருந்து அடிக்காமலே அடங்கிவிட்டது. ஆனால் போனில் எனக்கு மிஞ்சியது மெதுவான வேலை என்ற பதிவு மட்டும்தான். அன்று ரொம்ப வலித்தது.

பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டோம். பூச்சி பார்த்தால், நோய் பார்த்தால் பதிவு செய்ய அதே போனில் ஒரு பொத்தான் வேண்டும், அதற்கான நேரத்தை வேகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று. கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். இப்போது எந்த வரிசையில், எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் என்பது வரைபடத்தில் விழுகிறது, மருந்து தெளிப்பவர் அங்கே மட்டும் போகிறார். அதனால் போன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எதை எண்ணுகிறீர்கள் என்பதை வேலை செய்பவர்களிடமும் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். செடிக்குச் சுகமான காற்று எல்லா நேரமும் மனிதருக்குச் சுகமில்லை. 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் வியர்வை ஆறவே ஆறாது, தலை சுற்றும். அந்த அளவுகள் ஏற்கெனவே உங்கள் திரையில் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தே வேலை நேரத்தை மாற்றலாமே. அடியிலை கழிப்பதை நாங்கள் அப்படித்தான் காலைக்குக் கொண்டுவந்தோம். வெட்டுக்காயம் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுவதால் சாம்பல் பூஞ்சாணமும் குறைவு, எங்களுக்கும் மதிய வெக்கையில் குனிய வேண்டியதில்லை. உங்கள் ஆட்களைத் திரை முன்னால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் அந்தக் கோடுகளைக் காட்டுங்கள். உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வடிநீர்க்காரர்

தண்ணீர் கால் பங்கு குறைந்தது நல்ல செய்திதான், ஆனால் ஒரு கேள்வி. வடிநீர் எங்கே போகிறது? நார்த்தூள் பையில் வளர்க்கும்போது விடுகிற தண்ணீரில் 20 முதல் 30 சதவீதம் வடிய விடுவது வழக்கம், இல்லாவிட்டால் வேரில் உப்பு தங்கும். அந்த வடிநீர் மண்ணில் இறங்கினால் அதிலுள்ள நைட்ரேட்டும் கூடவே போகிறது. எவ்வளவு துல்லியமாகச் சொட்டுவிட்டாலும் அது நிலத்தடி நீருக்குத்தான் போய்ச் சேரும். சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்போது எல்லோரும் சென்சாரைக் காட்டுகிறார்கள், குழாயின் மறுமுனையைக் காட்டுவதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

வடிநீரைத் தொட்டியில் பிடித்து, வடிகட்டி, புற ஊதா விளக்கு வழியாக விட்டு, புதுத் தண்ணீரோடு கலந்து மறுபடி கொடுக்கலாம். கலப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆனால் இ.சி. என்பது மொத்த உப்பை மட்டும்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. செடி பொட்டாசியத்தை உறிஞ்சிக்கொள்ளும், சோடியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். சுற்றிச் சுற்றி வரும்போது இ.சி. அப்படியே 3 என்று நிற்கும், உள்ளே சோடியம் கூடிக்கொண்டே போகும், பொட்டாசியம் குறையும். திரையில் ஒரு குறையும் தெரியாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆய்வகச் சோதனை கட்டாயம். பி.எச். முனையை, பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த கரைசல்களில் வைத்து அடிக்கடி சரிசெய்யுங்கள், உலர விடாதீர்கள், உலர்ந்துபோன முனை சொல்வதை நம்ப முடியாது.

பம்பைக் கடிகாரத்தில் ஓட்டுகிறீர்களா, ஒளியைப் பார்த்தா? ஒளியென்றால் நல்லது. சதுர சென்டிமீட்டருக்கு 100 ஜூல் ஒளி ஆற்றல் சேர்ந்ததும் ஒரு தடவை பாசனம் என்பது போல வைத்தால் மேகமூட்டமான நாளில் தானாகவே குறைந்துவிடும்.

முழுக்கக் கணினியிடமே விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் 2018இல் ஒரு போட்டி நடத்தியது. வெவ்வேறு அணிகள் செயற்கை நுண்ணறிவை வைத்துத் தொலைவிலிருந்தே குடிலில் வெள்ளரி வளர்த்தன. வென்ற அணி, அனுபவமுள்ள விவசாயிகளின் குடிலைவிட அதிக லாபம் எடுத்துக் காட்டியது. உண்மையான சாதனைதான், ஆனால் அங்கேயும் செடியைக் கட்டி, கிள்ளி, காய் பறித்தவர்கள் மனிதர்கள். இலைமடல் அம்மா சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

கம்பியும்செடியும்

அலாரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரவில் மூன்று தடவை வந்தால் நாலாவது தடவை எழவே மாட்டீர்கள், அன்றைக்குத்தான் கொதிகலன் நின்றிருக்கும். வெப்பம் எல்லை தாண்டிய நொடியில் அடிக்காமல், பத்து நிமிடம் தொடர்ந்து தாண்டியிருந்தால் மட்டும் அடிக்கும்படி தாமதம் வையுங்கள். இரவில் எழுப்ப வேண்டியவை உறைபனி, கொதிகலன் நிறுத்தம், மின்சாரம் போவது, பலத்த காற்றில் ஜன்னல் மூடாதது. மற்றவை காலையில் பார்த்தால் போதும்.

கட்டுப்பாட்டுப் பெட்டி இணையம் இல்லாமலும் முழுதாக ஓடுகிறதா என்று ஒருநாள் பகலில் கம்பியைப் பிடுங்கிச் சோதியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடிலில் முடிவெடுக்கிற வேலை மொத்தமும் தொலைவிலுள்ள சர்வரில் இருந்தது. இணையம் போனதும் ஜன்னல் திறந்தபடியே நின்று, நாற்று முழுக்க வாடிப்போயிற்று. சாதாரண தெர்மோஸ்டாட் ஒன்றைத் தனியாக மாட்டி வைத்திருந்தால் தப்பித்திருக்கும். பதிவான தகவலை உங்கள் கணினியிலும் வாரம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சந்தா நின்றால் எட்டு மாதக் கணக்கும் போய்விடக் கூடாது.

துளிர்க்குடில்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளில் செய்தது: சென்சார் மாற்றினேன், விசிறியைத் துடைத்தேன், இடைவெளி இரண்டரை டிகிரி வைத்தேன். கூரை இப்போது இரவில் பெரும்பாலும் மூடியே இருக்கிறது, குழாயில் கை வைக்க முடிகிறது. அலாரத்துக்குத் தாமதம் வைத்த பிறகு ஒரே ஒரு தடவை அடித்தது, அதுவும் நியாயமான காரணத்துக்கு. எரிபொருள் எவ்வளவு குறைந்தது என்பதை மாத முடிவில் மீட்டரைப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.

அக்கா, நீங்கள் சொன்னபடி எல்லோரையும் திரை முன்னால் உட்காரவைத்தேன். பதினைந்து நிமிடத்தில் ஒருவர், “மூலையில் இருக்கிற கடைசி நாலு வரிசை எப்போதும் குளிராக இருக்குமே, அந்தக் கோடு எது?” என்று கேட்டார். அங்கே சென்சாரே இல்லை. நாளைக்கு ஒன்று மாட்டுகிறோம், இடத்தை அவரே காட்டுகிறார்.

வடிநீர்க்காரர் அண்ணா, வடிநீர் இப்போது மண்ணில்தான் போகிறது. தொட்டிக்குக் குழி எடுக்கத் தொடங்கிவிட்டோம். என் குடிலுக்கு எத்தனை லிட்டர் தொட்டி தேவைப்படும், கணக்கிடுவது எப்படி?

வடிநீர்க்காரர்

ஒரு நாளைக்கு அதிகமாகத் தண்ணீர் போன நாளைப் பதிவில் தேடுங்கள். அதில் 30 சதவீதம் எடுத்து, இரண்டு நாளுக்குப் பெருக்குங்கள். வடிநீருக்கு ஒரு தொட்டி, சுத்திகரித்த நீருக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. வெளிச்சம் புகாத மூடி போடுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடித்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். குழியை இன்னும் ஆழமாக்குவதற்கு முன் முதல் வடிநீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள், சோடியம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம்.