டீசல் வானின் டிபிஎப் வடிகட்டியைக் கழற்றிவிடலாமா?

மல்லாவியான்:
வணக்கம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான டீசல் வான் ஒன்றைப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கப் பயன்படுத்துகிறேன். ஓடும் தூரம் குறைவு. ஒழுங்கைக்கு ஒழுங்கை நிறுத்தவேண்டும். சில மாதங்களாக டிபிஎப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. வடிகட்டியை வெட்டி உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, எஞ்சினை இயக்கும் கணினியிலும் அதை நிறுத்திவிட்டால் தொல்லை தீரும் என்று கராஜில் கூறுகிறார்கள். புதியதின் விலையோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் நன்மை தீமைகளைக் கூறுவீர்களா?

பரந்தன் லொறி:
நான் கழற்றிவிட்டேன். இழுவை திரும்பியது, டீசலும் சிறிது மிச்சமாகிறது. ஐரோப்பாவில் 2009 முதல் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்மை (பத்து இலட்சத்தில் 10 பங்கை)த் தாண்டக்கூடாது. அத்தகைய எரிபொருளை எண்ணிச் செய்த வடிகட்டியை, கந்தகம் அதைவிடப் பன்மடங்கு உள்ள நமது சாதாரண டீசலில் ஓட்டினால் அது அடைபடாமல் என்ன செய்யும்? பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் நமது, தம்பி. இருப்பதை வைத்து ஓட்டுவதே வழி.

வவுனியா மெக்கானிக்:
கந்தகத்தைப் பற்றி அண்ணர் சொல்வது சரிதான். ஆனால் தம்பியின் வானில் முதல் சந்தேகம் ஓட்டத்தின் மீதுதான் விழவேண்டும். வடிகட்டியில் சேரும் கரி எரிந்துபோக ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்காகக் கணினி கூடுதலாக டீசலைச் செலுத்துகிறது. ஒழுங்கைக்கு ஒழுங்கை நின்று, எரிப்பு முடியுமுன் எஞ்சினை நிறுத்தினால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் நீர்த்துவிட்டால் டர்போவும் பெயரிங்குகளும் தேயும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் ஒயிலிலிருந்து வருகிறது. ஆகவே ஜப்பானிய இலகுரக டீசல் வாகனத்துக்கு சாம்பல் குறைந்த ஜாசோ டிஎல்-1 தரத்து ஒயிலையே ஊற்றவேண்டும். சாம்பலால் அடைபட்டிருந்தால் கழற்றிக் கழுவித்தான் ஆகவேண்டும், அதற்குப் புதியதின் விலை வராது. டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரில் கசிவோ, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பும் இஜிஆரில் அடைப்போ இருந்தாலும் வடிகட்டி விரைவில் நிரம்பும். வடிகட்டியை எடுத்துவிட்டால் அந்தப் பழுது மறையாது, சைலன்சர் வழியே கறுப்பாகத் தெரியும். கணினியை மாற்றாமல் உள்ளிருப்பதை மட்டும் எடுத்தால், அழுத்தத்தை அளக்கும் சென்சர் பிழை காட்டி எஞ்சின் வலுவைக் குறைத்துவிடும்.

முள்ளியவளை ஆசிரியை:
டீசல் புகையை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இல் சேர்த்தது. வான் நின்றதும் பிள்ளைகள் பின்பக்கமாகச் சுற்றி வருவதை நான் நாளும் பார்க்கிறேன். சைலன்சரின் வாய் அவர்களின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது.

பரந்தன் லொறி:
எனது லொறி புகைப் பரிசோதனையில் தேறித்தான் வருமான அனுமதிப்பத்திரம் பெறுகிறது, ரீச்சர்.

வவுனியா மெக்கானிக்:
அந்தப் பரிசோதனை டீசல் புகையின் கருமையைத்தான் அளக்கிறது அண்ணா. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை அது எண்ணுவதில்லை. வடிகட்டி பிடிப்பதில் பெரும்பங்கு அவைதான். இங்கிலாந்தில் வடிகட்டி இருக்கிறதா என்றே 2014 முதல் வருடாந்தப் பரிசோதனையில் பார்க்கிறார்கள்.

தம்பி, முதலில் ஸ்கானர் போட்டு எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அளவு மிகாவிட்டால் வாரத்தில் ஒருநாள் மாங்குளத்திலிருந்து ஏ9 வீதியில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். எரிப்பு நடக்கும்போது இடையில் நிறுத்தவேண்டாம். கட்டுப்படியானால் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் அடியுங்கள். அதற்கெல்லாம் முன்னர் ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள்.

மல்லாவியான்:
பார்த்தேன் அண்ணா. ஒயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, டீசல் மணமும் அடிக்கிறது.

வவுனியா மெக்கானிக்:
அப்படியானால் ஏ9 ஓட்டம் இப்போது வேண்டாம். ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றும்வரை பிள்ளைகளை ஏற்றாமல் வானை நிறுத்திவைத்து, இன்ஜெக்டர்களைச் சோதிக்கக் கொடுங்கள். வடிகட்டியை அதற்குப் பிறகு பார்ப்போம்.