27 இஞ்சியும் 700சீயும் ஒன்றுதானாம்!

உவர்மலையான்: நிலாவெளித் தம்பி ஒருவர் நேற்று இங்கே கேட்டிருந்தார்: தினமும் திருகோணமலை ரவுனுக்கு வேலைக்கு வந்துபோக, மலிவாக ஒரு பழைய இரும்பு டூரிங் சைக்கிள் எடுக்கலாமா என்று. அதற்குச் சீனக்குடாச் சில்லு எழுதிய பதில்: "கண்ணை மூடிக்கொண்டு எடு. 27 இஞ்சியும் 700சீயும் ஒன்றுதான், டயர் எங்கேயும் கிடைக்கும்." இதை வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஒன்று இல்லை ஐயா, இரண்டும் வேறுவேறு டயர் அளவு. 27 இஞ்சி ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீற்றர். 700சீக்கு 622. அந்த ரிம்மில் 700சீ டயரை ஏற்றப் போனால் நகம்தான் பெயரும்.

சீனக்குடாச் சில்லு: எட்டு மில்லிமீற்றர்! ஒரு கடலை அளவு. அதற்கு ஏன் 27 இஞ்சி தின்ற குரங்கு மாதிரி இருக்கிறீர்கள்? என் ஜப்பான் டூரிங்கும் 27 தான். இப்போது 700சீயில் ஓடுகிறது. 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில் தம்பலகாமம் வரை அதில்தான் போய்வந்தேன். நீங்கள் அப்போது வரிசையில் நின்றீர்கள்.

உவர்மலையான்: டயரை மட்டும் மாற்றினீர்களா, சில்லையே மாற்றினீர்களா?

சீனக்குடாச் சில்லு: சில்லோடுதான். அதனால் என்ன? ஓடுகிறதா இல்லையா?

உவர்மலையான்: பார்த்தீர்களா சபையோரே! மாட்டை விற்று ஆடு வாங்கிவிட்டு, இரண்டுக்கும் நாலு கால் என்கிறார். சில்லை மாற்றினாலும் ரிம் அந்த எட்டில் பாதி, 4 மில்லிமீற்றர், உள்ளே போகும். பிரேக் கட்டை அவ்வளவு கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அது ரிம்மை விட்டு டயரைத் தின்னும். உவர்மலை இறக்கத்தில் அது தெரியவரும்.

கின்னியா நானா: தம்பிமாரே, கடற்காற்று ஊரில் இரும்பு எடுப்பதென்றால் முதலில் கறளைப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பை நம்பக்கூடாது. சீட் கம்பியை இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் உள்ளே கறளில் இறுகிவிட்டது, விலை கேட்காமலே திரும்பலாம். சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் குழாயையும் பாருங்கள். மழைத் தண்ணீர் அங்கேதான் தங்கும். ஹாண்டிலுக்குக் கீழே பெயின்ட் சுருங்கி வெடித்திருந்தால் அது எங்கேயோ முட்டிய சைக்கிள். 2009ல் கின்னியாப் பாலம் திறக்கும் முன்னர் பாதைப் படகில் ஏற்றி இறக்கிய என் லுமாலாச் சைக்கிள் இன்றும் சந்தைக்குப் போகிறது. மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பேன், அவ்வளவுதான்.

உவர்மலையான்: நானா சொன்னது சரி. ஆனால் கறளைத் தேய்த்து எடுக்கலாம். 630ஐத் தேய்த்து 622 ஆக்க முடியாது.

மனையாவெளி அலுமினியம்: இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் நான் புதிதாக 29 இஞ்சி அலுமினியச் சைக்கிள் எடுத்தேன். கறளும் இல்லை, கணக்கும் இல்லை.

உவர்மலையான்: உங்கள் 29 ரிம்மும் 622 தான். தடித்த டயர் போடுவதால் 29 என்று பெயர். ரிம்மை அளந்தால் 27ஐவிட அது சின்னது.

சீனக்குடாச் சில்லு: 29 சின்னது, 27 பெரியது. கணக்கு மாஸ்டர் வந்துவிட்டார், எழும்பி நில்லுங்கள்.

மனையாவெளி அலுமினியம்: என் சைக்கிளைச் சின்னது என்று சொல்ல நீங்கள் யார்? கன்னியாவுக்குப் போன அன்று வழியில் இளைத்து உட்கார்ந்தவர் யார் என்று எழுதவா?

உவர்மலையான்: செயின் கழன்றதால் நின்றேன். இளைக்கவில்லை. 622 தான்.

நிலாவெளித் தம்பி: அண்ணாமார், நான் பார்த்து வைத்த சைக்கிளின் டயர் ஓரத்தில் 32-630 என்று இருக்கிறது. கரியர் பூட்டவும் ஓட்டை இருக்கிறது. 28,000 கேட்கிறார். எடுக்கவா?

சீனக்குடாச் சில்லு: எடு.

உவர்மலையான்: 630! டயர் இரண்டும் கைக்கு வந்த பிறகு காசைக் கொடு தம்பி. ஒன்றுதான் என்றவர் ஒரு 700சீ டயரை எடுத்துக்கொண்டு வரட்டும், எல்லோருக்கும் முன்னால் அந்த ரிம்மில் மாட்டிக் காட்டட்டும்.

கின்னியா நானா: ஜப்பான் கூடைச் சைக்கிளுக்கு வருகிற 27 × 1 3/8 டயரும் 630 தான். கொஞ்சம் தடிப்பு. மட்காட்டில் முட்டாவிட்டால் அதையே போடலாம். சீட் கம்பி அசைந்ததா தம்பி?

சீனக்குடாச் சில்லு: அப்போ டயர் கிடைக்கும்தானே! நான் சொன்னதும் அதுதான்.

உவர்மலையான்: நீங்கள் சொன்னது "ஒன்றுதான்" என்று. மேலே போய் வாசியுங்கள். அழித்துவிடாதீர்கள், படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சீனக்குடாச் சில்லு: படம் இருக்கட்டும். 2022ல் இரவல் வாங்கிய என் காற்றுப் பம்ப் எங்கே?

உவர்மலையான்: அது உங்கள் மச்சானிடம் போய் இரண்டு வருடம். பேச்சை மாற்ற வேண்டாம். 630.

சீனக்குடாச் சில்லு: மச்சான் வாங்கவே இல்லை என்கிறான். பம்ப்.